யார் புழங்கும் வளாகம்?

நான் எம்.ஏ. தமிழ் படித்த பல்கலைக்கழகத்தில், பதிவாளர் அலுவலக வராந்தாவில், கண்ணாடிச் சட்டம் போட்ட பெரிய வரைபடம் ஒன்று தொங்கும். வளாகத்தின் மாஸ்டர் பிளான். கட்டி முடித்தவை செங்கல் நிறம், கட்டப்போகிறவை மஞ்சள், மரங்கள் எல்லாம் ஒரே அளவில் பச்சை வட்டங்கள். சான்றிதழில் அப்பா பெயரைத் திருத்துவதற்காக அந்த வராந்தாவில் மூன்று நாள் காத்துக்கிடந்தேன். வேறு வேலையில்லாததால் அந்தப் படத்தை ஒரு பிரதியைப் போல வாசித்துத் தீர்த்தேன். அதில் இல்லாதவை இரண்டு. விடுதிக்குப் பின்னாலிருந்து சீமைக்கருவேலங்காட்டுக்குள் புகுந்து தமிழ்த்துறைக்குப் போகும் ஒத்தையடிப் பாதை ஒன்று. அந்தப் பாதையின் மறுகோடியில், பக்கத்துக் கிராமத்துக் காலனியிலிருந்து, விடிந்தும் விடியாமலும் கூட்டிப்பெருக்க வருகிற பெண்கள் இன்னொன்று. நான் இரண்டாமாண்டு படிக்கும்போது சுற்றுச்சுவர் எழும்பியது. பாதை அறுந்தது. அந்தப் பெண்கள் மெயின் கேட்டுக்குச் சுற்றி வர வேண்டியதாயிற்று. யாரும் எதிர்க்கவில்லை. நாங்களும்தான். அந்த வருஷம் நாங்கள் 'விளிம்பு' என்ற சொல்லை வைத்துக் கருத்தரங்கு நடத்திக்கொண்டிருந்தோம்.

மாஸ்டர் பிளானுக்கு அரசாங்கத் தமிழில் 'முழுமைத் திட்டம்' என்று பெயர். ஆங்கிலச் சொல்லில் எஜமானன் பட்டவர்த்தனமாக நிற்கிறான். தமிழில் அவனை ஒளித்துவிட்டு முழுமையை முன்னே நிறுத்தியிருக்கிறோம். இருபது முப்பது ஆண்டுகள் கழித்து எங்கே நூலகம், எங்கே விடுதி, எங்கே துணைவேந்தர் மாளிகை, எந்தச் சாலை எவ்வளவு அகலம் என்பதை இன்றைக்கே ஒரு தாளில் எழுதி முடித்துவிடுவது. எதிர்காலத்தை இறந்தகாலமாக்கிவிடுகிற எழுத்து. பெருங்கதையாடல்களைப் பற்றி நம் சிறுபத்திரிகைகள் முப்பது வருஷத்துக்கு மேலாகப் பேசியாயிற்று. ஆனால் நாம் உட்கார்ந்து பேசிய வகுப்பறை எங்கே இருக்க வேண்டும், அதற்கு எத்தனை வாசல், அந்த வாசல் எந்தப் பக்கம் பார்த்திருக்க வேண்டும் என்று தீர்மானித்த கதையாடலை நாம் வாசித்ததில்லை.

இந்த முழுமையை உள்ளிருந்தே உடைக்கப் பார்த்த ஒரு நூலைப் பற்றித்தான் இங்கு எழுத விரும்புகிறேன். கிறிஸ்டோபர் அலெக்ஸாண்டரும் அவருடைய கூட்டாளிகளும் எழுதி 1975இல் வெளிவந்த 'தி ஓரிகன் எக்ஸ்பெரிமெண்ட்'. அலெக்ஸாண்டர் 1936இல் வியன்னாவில் பிறந்து இங்கிலாந்தில் வளர்ந்து அமெரிக்காவில் பெர்க்லியில் கட்டிடக்கலை சொல்லிக்கொடுத்தவர், 2022இல் இறந்துபோனார். சின்னப் புத்தகம். கட்டிடக்கலைக்காரர்கள் எழுதுகிற பாஷையில் இல்லாமல் மனுஷ பாஷையில் எழுதப்பட்டது. சும்மா சொல்லக்கூடாது, ஒரு பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வமான திட்ட ஆவணம் இத்தனை தைரியமாக இருக்க முடியும் என்று நான் நம்பியிருக்கவில்லை.

பின்னணி இது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓரிகன் மாநிலம், யூஜின் நகரம், அங்கே ஓரிகன் பல்கலைக்கழகம். 1960களின் கடைசியில் வியட்நாம் போருக்கு எதிரான கொந்தளிப்பு மற்ற வளாகங்களைப் போலவே அங்கும் இருந்தது. வளாகத்தின் நடுவே வாகனங்கள் கிழித்துக்கொண்டு போகும் 13ஆம் அவென்யூவை 1970இல் மாணவர்கள் தடுப்புப் போட்டு மறித்தார்கள். அந்தக் கொந்தளிப்பின் பின்னணியில்தான் நிர்வாகம் பெர்க்லியிலிருந்து அலெக்ஸாண்டரின் குழுவை அழைக்கிறது. அவர்கள் வந்து சொன்னது: உங்களுக்கு மாஸ்டர் பிளானே வேண்டாம்.

ஏன் வேண்டாம் என்பதற்கு நூல் தரும் காரணங்கள் நமக்கு அந்நியமானவை அல்ல. முன்கூட்டியே வரையப்பட்ட முழுமை ஒரு சர்வாதிகார ஒழுங்கு. அது உயிருள்ள ஒழுங்கு அல்ல. வரைபடம் ஒரு பக்கம் மிகத் துல்லியம், இன்ன இடத்தில் இன்ன கட்டிடம் என்கிறது. மறுபக்கம் வெறும் சூன்யம், அந்தக் கட்டிடத்தின் படிக்கட்டில் நாலு பேர் உட்கார முடியுமா என்பது பற்றி அதற்கு அக்கறையில்லை. எல்லாம் தீர்மானிக்கப்பட்டுவிட்ட இடத்தில் வாழ்கிறவருக்குத் தன் இடத்தின்மீது பொறுப்பும் இராது, உரிமையும் இராது. இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் பல நூற்றாண்டுகளாகக் கொஞ்சங் கொஞ்சமாக வளர்ந்த விதத்தை நூல் எடுத்துக்காட்டுகிறது. யாரும் முழுப் படத்தை வைத்திருக்கவில்லை. ஆனால் முழுமை கூடி வந்தது.

மாற்றாக ஆறு கோட்பாடுகள். அவற்றை ஒவ்வொன்றாக ஒப்பிக்கப் போவதில்லை. முக்கியமானவை இரண்டு. ஒன்று, என்ன கட்ட வேண்டும், எப்படிக் கட்ட வேண்டும் என்பதை அதைப் பயன்படுத்துகிறவர்களே தீர்மானிக்க வேண்டும். மற்றது, சிறுகச் சிறுக வளர்தல். பணத்தையெல்லாம் ஒரே பெரிய கட்டிடத்தில் கொட்டாமல், பெரியது, நடுத்தரம், சிறியது என்று பிரித்துச் சமமாகச் செலவிட வேண்டும். அப்போது ஒரு பெரிய கட்டிடத்துக்கு நூறு சின்ன வேலைகள் நடக்கும்: ஒரு திண்ணை, ஒரு ஜன்னல், ஒரு நடைபாதை. பெரிய கட்டிடம் பழசைத் தூக்கி எறிவதை நம்பி நிற்கிறது. சின்ன வேலை பழசைச் செப்பனிடுவதை நம்பி நிற்கிறது. இது அழகியல் அல்ல, பட்ஜெட். அதிகாரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒருவரால்தான் அழகியலைப் பட்ஜெட்டாக எழுத முடியும். நூலின் ஆகச் சிறந்த பகுதி இதுதான் என்று கருதுகிறேன்.

நடந்தது என்ன? பயன்படுத்துவோர் குழு என்ற ஏற்பாடு அங்கே நிலைத்தது. 1980களின் பிற்பகுதியில் சார்லஸ் மூர் உள்ளிட்டோர் வடிவமைத்த அறிவியல் கட்டிடத் தொகுதி அந்தக் குழுக்களோடு உட்கார்ந்து பேசித்தான் உருவானது. பல்கலைக்கழகத்தின் வளாகத் திட்ட ஆவணம் இன்றும் அந்தக் கோட்பாடுகளின் பெயரைச் சொல்கிறது. ஆனால் சிறுகச் சிறுக வளர்தல்? 2016இல் நைக்கி காலணி நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபில் நைட்டும் அவர் மனைவியும் புதிய அறிவியல் வளாகத்துக்காக 50 கோடி டாலர் அறிவித்தார்கள். 2021இல் இன்னொரு 50 கோடி. இவ்வளவு பணம் ஒரே கையிலிருந்து வரும்போது திண்ணையும் ஜன்னலும் யார் நினைவுக்கு வரும்? கொடையாளியும் ஒருவகையில் பயன்படுத்துகிறவர்தானோ என்னவோ.

என் பிரச்சினை இங்கே தொடங்குகிறது. நூல் முழுக்க நடமாடும் 'யூஸர்' என்பவர் யார்? தமிழில் எழுத உட்கார்ந்ததும் சொல் சிக்கியது. 'பயனாளி' என்றால் இலவச மிக்ஸி வாங்க வரிசையில் நிற்பவர். 'பயன்படுத்துவோர்' என்றால் மின்வாரிய நோட்டீஸ். கடைசியில் எங்கள் ஊர்ப் பேச்சிலிருந்து ஒரு சொல் வந்தது: புழங்குகிறவர். வீடு புழங்க, பாத்திரம் புழங்க, தண்ணி புழங்க. ஓர் இடத்தை உடம்பால் அறிவது புழக்கம். அலெக்ஸாண்டர் தேடியது இதைத்தான் என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அப்புறம்தான் அந்தச் சொல்லின் மறுபக்கம் உறைத்தது. "அவுங்களோட எல்லாம் நாங்க புழங்குறதில்ல." இதைக் கேட்காமல் வளர்ந்தவர் நம்மில் யார்? ஒரே சொல். இடத்தைக் கையாளுவதும் அதுதான், யாரோடு தொட்டுக்கொள்வது யாரைத் தள்ளிவைப்பது என்பதும் அதுதான். ஆங்கிலத்தின் 'யூஸர்' இந்த இரண்டாவது அர்த்தத்தை மறைத்துவிடுகிறது. புழக்கம் என்பது தேவை மட்டுமல்ல, விலக்கும்கூட என்பதைத் தமிழ் மறைக்கத் தெரியாமல் காட்டிக்கொடுக்கிறது.

இது சொல் விளையாட்டு என்று தோன்றினால் அலெக்ஸாண்டரின் முந்தைய நூல் ஒன்றுக்குப் போகலாம். 1964இல் வந்த 'நோட்ஸ் ஆன் த சிந்தசிஸ் ஆஃப் ஃபார்ம்', ஹார்வர்டில் அவர் செய்த முனைவர் பட்ட ஆய்விலிருந்து வந்தது. அதற்கான களம் இந்தியா. குஜராத்தில் ஒரு கிராமத்தில் சில மாதம் தங்கியிருந்தவர் அவர். 600 பேர் வாழும் ஓர் இந்தியக் கிராமத்தை எப்படி அமைப்பது என்பதை நூலின் பின்னிணைப்பில் ஒரு கணக்காகவே போட்டுக் காட்டுகிறார். கிராமத்துக்குத் தேவையானவை 141 என்று பட்டியல். அந்த 141ஐயும் ஒன்றோடொன்று உறவுபடுத்திப் பன்னிரண்டு சிறு தொகுதிகள், அவை சேர்ந்து நான்கு பெருந்தொகுதிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரைபடம். கணிதம் படித்தவரின் சுத்தமான வேலை. அந்தப் பட்டியலில் முதலாவதாக வருவது என்ன தெரியுமா? ஹரிஜனங்கள் தீட்டானவர்களாக, தீண்டத்தகாதவர்களாகக் கருதப்படுகிறார்கள் என்பது. ஒரு சாதியார் தங்களுக்குள் சேர்ந்தும் மற்றவரிடமிருந்து பிரிந்தும் இருக்கவே விரும்புவார்கள், ஒன்றாக உண்ணவோ குடிக்கவோ மாட்டார்கள் என்பதும் அதே பட்டியலில். தண்ணீர், கால்நடை, எரிபொருள் என்ற வரிசையில் இதுவும் ஒரு தேவை. வடிவம் இதற்கும் பொருந்தியாக வேண்டும்!

அவரைச் சாதி ஆதரவாளர் என்று முத்திரை குத்த நான் வரவில்லை. கிராமத்தார் வாய்விட்டுச் சொன்ன தேவைகள், தேசத்தின் வளர்ச்சிக் கொள்கை கோரும் தேவைகள், ஏற்கெனவே சத்தமில்லாமல் நிறைவேறிக்கொண்டிருக்கும் தேவைகள் என்று மூன்று வகையையும் சேர்த்தே எழுதுவதாக அவரே சொல்கிறார். அதாவது உள்ளதை உள்ளபடி. பிரச்சினையும் அதுதான். 'தேவை' என்று பெயர் சூட்டியதும் தீண்டாமை ஓர் அதிகார உறவாக இல்லாமல் போய், வெயில் மழை மாதிரி ஒரு நிலைமையாகிவிடுகிறது. யாருடைய தேவை? கிணற்றுப் பக்கம் வரக்கூடாது என்று சொல்கிறவருடைய தேவையா, வரமுடியாமல் குடத்தோடு நிற்கிறவருடைய தேவையா? பட்டியலில் 'விரும்புவார்கள்' என்ற வினைக்கு எழுவாய் ஒன்றுதான்.

அறுபதுகளின் நடுவில் அவரே 'தேவை' என்ற சொல்லைக் கைவிட்டு 'நாட்டம்' என்ற சொல்லுக்கு மாறினார். மனிதர்கள் வாய்ப்புக் கிடைத்தால் என்ன செய்ய முயல்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்; இரண்டு நாட்டங்கள் மோதும் இடத்தில்தான் வடிவமைப்புக்கு வேலை என்றார். பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அந்த மோதல் எப்போதும் வடிவத்தால் தீர்க்கக்கூடிய மோதலாகவே இருந்தது. ஜன்னலுக்கு வெளிச்சம் வேண்டும், நாற்காலிக்கு இடம் வேண்டும், இரண்டையும் சேர்த்து ஜன்னலோரத் திண்ணை. சரி. ஒருவன் இன்னொருவனோடு ஒரே குழாயில் கை கழுவ மாட்டேன் என்கிறான். இதற்கு எந்த வடிவம்? ரெண்டு குழாய்?

அந்த ரெண்டு குழாய் கற்பனையல்ல. 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் மெஸ் ஒன்றில் சைவத்துக்குத் தனி வாசல், அசைவத்துக்குத் தனி வாசல், கை கழுவும் தொட்டியும் தனித்தனி என்று அறிவிப்பு ஒட்டப்பட்டது. அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டத்து மாணவர்கள் அதை வெளியே கொண்டுவந்தார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் தாள்கள் அகற்றப்பட்டன. இதை ஓரிகன் முறையில் யோசித்துப்பாருங்கள். பயன்படுத்துவோர் குழு கூடுகிறது. சிலர் எழுந்து, எங்களுக்குத் தனி வாசல் வேண்டும், அது எங்கள் தேவை என்கிறார்கள். நூலில் உள்ள எந்தக் கோட்பாடு அதை மறுக்கும்? நான் தேடிப் பார்த்தேன். பங்கேற்பு என்பது எல்லோரும் சமமாக வந்து உட்காரும் வட்டம் என்ற முன்முடிவில்தான் நூல் நிற்கிறது. நம் ஊரில் வட்டம் போடும்போதே யார் தரையில், யார் பாயில் என்பது தீர்மானமாகிவிடும்.

அமெரிக்காவிலும் வாசல் இரண்டாக இருந்ததுண்டு. ஓரிகன் மாணவர்கள் சாலையை மறிப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1968இல், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் தனக்கும் கறுப்பர்கள் வாழும் ஹார்லெமுக்கும் நடுவிலிருந்த மார்னிங்சைடு பூங்காவில் உடற்பயிற்சிக்கூடம் கட்டத் தொடங்கியது. பூங்கா ஒரு சரிவு. மேலே பல்கலைக்கழகத்தாருக்கு ஒரு வாசல். கீழே ஹார்லெம்காரர்களுக்கு இன்னொன்று, அதுவும் கட்டிடத்தில் ஒரு சிறு பகுதிக்கு மட்டும். நிலத்தின் சரிவையே காரணமாகக் காட்டிவிடலாம் பாருங்கள், என்ன வசதி! மாணவர்கள் கட்டிடங்களைக் கைப்பற்றினார்கள். போலீஸ் அடித்து வெளியேற்றியது. ஆனாலும் அந்தக் கூடம் அங்கே எழவில்லை. வரைபடத்தைத் திருத்தியது பங்கேற்பல்ல, மறுப்பு. ஓரிகனிலும் முதலில் நடந்தது மறியல்தான். நூல் அந்த மறியலைக் கூட்ட நடைமுறையாக மொழிபெயர்த்துக் கொடுத்தது. மொழிபெயர்ப்பில் எப்போதும் ஏதோ ஒன்று தொலைகிறது.

இதே வெளிச்சத்தில் ஹைதராபாத்தைப் பார்க்கலாம். 2015 டிசம்பரில் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகம் ஐந்து தலித் ஆய்வு மாணவர்களுக்கு விதித்த தண்டனையை ஒரு திட்ட ஆவணமாக வாசியுங்கள். விடுதியில் இருக்கக்கூடாது. நிர்வாகக் கட்டிடத்துக்குள் வரக்கூடாது. பொது இடங்களில் கூட்டமாகச் சேரக்கூடாது. வகுப்புக்கும் நூலகத்துக்கும் போகலாம். இது வளாகத்தின் இன்னொரு மாஸ்டர் பிளான், ஐந்து உடம்புகளுக்காக மட்டும் வரையப்பட்டது. வெளியேற்றப்பட்டவர்கள் 2016 ஜனவரியில் வளாகத்தின் கடைத்தெருப் பக்கம் கூடாரம் போட்டு அம்பேத்கர் படத்தை வைத்து அதற்கு 'வெலிவாடா' என்று பெயரிட்டார்கள். ஊருக்கு வெளியே இருக்கும் சேரிக்குத் தெலுங்கில் அதுதான் பெயர். ஜனவரி 17 அன்று ரோஹித் வேமுலா இறந்தார். எந்தக் கட்டிடக்கலைஞரும் வரையாத, எந்தக் குழுவும் ஒப்புதல் தராத அந்தக் கூடாரம், அதுவரை வரைபடத்தில் கண்ணுக்குத் தெரியாமலிருந்த கோட்டை எல்லோரும் பார்க்கும்படி இழுத்துக் காட்டியது. ஓர் இடத்தைப் பற்றிய நோயறிதல் ஆண்டுதோறும் நடக்க வேண்டும், எந்த மூலை உயிரோடு இருக்கிறது எது செத்துக் கிடக்கிறது என்று குறிக்க வேண்டும் என்பது அலெக்ஸாண்டரின் கோட்பாடுகளில் ஒன்று. வெலிவாடா அப்படி ஒரு நோயறிதல் என்பேன். அவர் மனதில் இருந்த வகையல்ல என்பது வேறு விஷயம்.

ஓரிகனுக்கே திரும்புகிறேன். 'உயிருள்ள ஒழுங்கு' எந்த மண்ணில் வேர்விட்டது? அந்தப் பள்ளத்தாக்கு கலப்பூயா மக்களுடையது. 1855இல் ஒப்பந்தம் என்ற பெயரில் நிலம் எழுதி வாங்கப்பட்டது. 1856இல் அவர்கள் கிராண்ட் ரோண்ட் ஒதுக்கிடத்துக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். சரியாக இருபது ஆண்டு கழித்து, 1876இல், பல்கலைக்கழகத்தின் முதல் கட்டிடம் திறக்கிறது. அந்தக் கட்டிடத்துக்குப் பின்னர் சூட்டப்பட்ட பெயர் மேத்யூ டீடி; 1857இல் ஓரிகன் அரசியல் சட்ட மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், அடிமை முறையை ஆதரித்தவர். கறுப்பர்கள் அந்த மாநிலத்துக்குள் குடியேறவே கூடாது என்ற ஷரத்து அந்தச் சட்டத்தோடு சேர்ந்தது. நூலின் ஆறு கோட்பாடுகளில் எதற்குள்ளும் இது வராது. புழங்குகிறவர் என்றால் இப்போது புழங்குகிறவர். முன்னே புழங்கித் துரத்தப்பட்டவரைக் குழுவில் சேர்க்க வழியில்லை. 2017இல் ஒரு விடுதிக்கு 'கலப்பூயா இலிஹி', கலப்பூயா நிலம் என்று பெயர் வைத்தார்கள். 2020 ஜூனில் போராட்டக்காரர்கள் வளாகத்திலிருந்த வெள்ளைக் குடியேறியின் 'முன்னோடி' சிலையைக் கயிறு கட்டிச் சாய்த்தார்கள். டீடியின் பெயரும் அந்த மாதமே கட்டிடத்திலிருந்து போயிற்று. பெயரையாவது மாற்றினார்களே என்று நம் ஆட்கள் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்கிறேன், கொஞ்சம் கூச்சத்தோடு.

காலி நிலம் என்பது வரைபடக்காரர்களின் மூடநம்பிக்கை. 2025 மார்ச் கடைசியில் அதே ஹைதராபாத் வளாகத்தை ஒட்டிய கஞ்ச கச்சிபௌலியின் 400 ஏக்கரில் மாநில அரசின் புல்டோசர்கள் இறங்கின. அரசுக்கு அது தன் பெயரில் உள்ள, விற்கக்கூடிய மனை. மாணவர்களுக்கு அது பாறை, குளம், மான், மயில். ஏப்ரல் 3 அன்று உச்ச நீதிமன்றம் வேலையை நிறுத்தச் சொன்னது. பட்டாவில் பெயரில்லாதவர்கள், அந்த இடத்தில் எதுவும் கட்ட விரும்பாதவர்கள், புழங்கிய ஒரே உரிமையில் வந்து நின்றார்கள். எதையும் கட்டாமலிருப்பது ஒரு வளாகத் திட்டமாகுமா? ஓரிகன் நூலின் செப்பனிடுதல் என்ற கருத்தை இழுத்தால் அதுவரை நீளும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவேதான் இத்தனை சண்டைக்குப் பிறகும் அந்த நூலை நான் அலமாரியிலிருந்து எடுத்துப் போடவில்லை. நம் பல்கலைக்கழகங்களின் ஆட்சிக்குழுக்களுக்கு முன்னால் வைக்க இதைவிட நல்ல ஆயுதம் வேறில்லை. ஆனால் 'யூஸர்' வருகிற ஒவ்வொரு வரியிலும் 'புழங்குகிறவர்' என்று, அதன் ரெண்டு அர்த்தத்தோடும், திருத்திய பிறகு.

போன வருஷம் ஓர் ஆய்வேட்டைப் பார்க்க என் பழைய பல்கலைக்கழகத்துக்குப் போயிருந்தேன். வராந்தாவில் வரைபடம் மாறியிருந்தது, இப்போது ஃபிளக்ஸ். மஞ்சள் கட்டிடங்களில் பாதி இன்னும் மஞ்சளாகவே இருந்தன. விடுதிக்குப் பின்னால் நடந்து போனேன். சுற்றுச்சுவரில், பழைய பாதை முட்டும் இடத்தில், ஆள் குனிந்து நுழைகிற அளவுக்குச் செங்கல்லைப் பெயர்த்திருந்தார்கள். முனை குத்தாமலிருக்கக் கீழே சாக்கு மடித்துப் போட்டிருந்தது. அந்தப் பக்கமிருந்து முதலில் ஒரு தூக்குவாளி வந்தது, அப்புறம் விளக்குமாறு, அப்புறம் ஒரு அக்கா. என்னைப் பார்த்ததும் தயங்கி நின்றார்.

"சார் ஆபீஸ்லருந்தா?"

"இல்லக்கா, இங்க படிச்சவன்."

"அப்ப சரி" என்று வாளியை எடுத்துக்கொண்டார். "அடைக்கப் போறாங்கன்னு சொன்னாங்க. நீங்க வந்து நிக்கவும் அதுக்குத்தான் அளவெடுக்க வந்துட்டாங்களோன்னு நெனச்சேன்."